தொடுவதற்கென்றே செய்த இழைகளைச் சுற்றி ஏன் கயிறு கட்டினீர்கள்?

இழைக்கலைக் கண்காட்சியின் அமைப்புக் குழுவினருக்கு,

தருமபுரியில் நான்கு நாட்கள் நடந்த உங்கள் கண்காட்சிக்கு என் மகளை இரண்டு முறை அழைத்து வந்தேன். முதல் நாள் காலையில் அவள் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் அதே மண்டபத்தில், அதே படைப்புகளைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘தொடக் கூடாது’ என்று பலகை மாட்டியிருந்தீர்கள். ஏதோ அன்றைய நெருக்கடி என்று அதை விட்டிருப்பேன். ஆனால் அடுத்து கிருஷ்ணகிரியில் நடத்தவிருக்கும் கண்காட்சிக்கான உங்கள் அறிவிப்பு சென்ற வாரம் எங்கள் வட்டார வள மையத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அதில் கூட்டமும் சத்தமும் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்கான காலை அமைதி நேரம் இல்லை. கட்டுப்பாடின்றி நடந்துகொண்ட சிறார்களால் படைப்புகள் சேதமடைந்துவிட்டன என்றும், ஆகவே இனி எதையும் தொட அனுமதி கிடையாது என்றும் ஒரு வரி மட்டும் இருந்தது. அந்தச் சிறார்களில் ஒருத்தியாக நீங்கள் கணக்கில் வைத்திருப்பது என் மகளை. எனவே தனியாக உங்களுக்கு மட்டும் எழுதாமல், அந்த வரியைப் படித்த எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ளவள். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேசமாட்டாள். மிக்ஸி ஓடினால் வீட்டை விட்டு வெளியே போய்விடுவாள். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டி எடுத்தால்தான் சட்டை போடுவாள். தோசை மாவில் கை பட்டால் அன்று முழுவதும் கையை உதறிக்கொண்டே இருப்பாள். ஆனால் கூடு பறிக்கும் நாளில் எங்கள் வீட்டில் அவளைவிட நிதானமான ஆள் கிடையாது. புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டான சந்திரிகையிலிருந்து உதிர்த்த கூடுகளை மடியில் கொட்டிக்கொள்வாள். ஒவ்வொன்றாக எடுத்து, மேலே சுற்றியிருக்கும் பஞ்சை விரலால் உருட்டி நீக்கி, இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிறகு காதருகே கொண்டுபோய் ஒருமுறை ஆட்டுவாள். உள்ளே கூட்டுப்புழு நன்றாக இருந்தால் ‘கடக்’கென்று உருளும், செத்து அழுகி ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சத்தம் வராது. சத்தம் வராதது ஒரு பக்கம், ஓடு மெலிந்தது ஒரு பக்கம், இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பாள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு வைக்கும்போது கழிவுக் கூடு கலந்திருந்தால் விலை இறங்கும் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்கள் கூடையில் கழிவு கலப்பதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு, இழைகளைத் தொட்டுப் பார்க்கலாம், வெளிச்சமும் சத்தமும் அடக்கமாக இருக்கும், கூட்டம் இருக்காது என்று ஓர் அழைப்பு வந்தால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அழைப்பை எழுதியவர்கள் நீங்கள்தான். முதல் நாள் அந்த வாக்கை முழுமையாகக் காப்பாற்றினீர்கள் என்பதையும் நானே சொல்கிறேன். ஒரு நேரத்தில் எட்டுப் பேரை மட்டும் உள்ளே விட்டீர்கள். ஒலிபெருக்கி இல்லை. குழல்விளக்குகளை அணைத்து, சன்னல் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். வாசலிலேயே ஒரு துணி அட்டையில் தேங்காய் நார், சணல், வாழை நார், ஆட்டு உரோமம், பட்டு என ஐந்து துண்டுகளைத் தைத்து வைத்திருந்தீர்கள். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளைகள் உள்ளே போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள முடிந்தது. தாங்க முடியாதவர்கள் போய் உட்கார மண்டபத்தின் மணமகள் அறையில் பாய் விரித்து வைத்திருந்தீர்கள். கல்யாண மண்டபங்களில் அந்த அறைக்கு இவ்வளவு நல்ல பயன் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தேங்காய் நாரில் கூரையிலிருந்து தரைவரை தொங்கிய பெரிய படைப்பின் பக்கம் மகள் போகவே இல்லை. அட்டையில் அதைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. என் மாமியார் உரோமத்தில் செய்ததைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, அவருடைய அப்பா ராகிக் காவலுக்குப் போர்த்திக்கொண்டு போன கம்பளியைப் பற்றி வெகுநேரம் பேசினார். மகள் நின்றது பட்டு நூல் சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, வரிசையாகத் தொங்கவிட்டிருந்த இடத்தில். பாதி கச்சாப் பட்டு, பாதி பசை நீக்கிய பட்டு. புழு கட்டும் இழையில் ஏறக்குறைய கால் பங்கு பசைதான். அந்தப் பசை இருக்கும்வரை நூல் விறைப்பாக, விரலுக்கு லேசாக நெருடலாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்துவிட்டால் அதே நூல் கையில் நிற்காமல் வழுக்கும். கண்ணால் பார்க்கிறவருக்கு ஒன்று மங்கல், மற்றொன்று பளபளப்பு, அவ்வளவுதான். அவள் விறைப்பானதை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கி, காதில் வைத்துக் கேட்டு, பிறகு முகர்ந்து பார்த்தாள். அடுத்ததைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி முதலாவதற்குப் போனாள். நாற்பது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் ‘புழு’ என்று சொன்னாள். அவளிடம் இருக்கிற பத்துப் பன்னிரண்டு சொற்களில் அது ஒன்று. கச்சாப் பட்டில் அந்த வாடை இன்னும் இருக்கிறது என்பது எனக்கு அதன் பிறகுதான் மூக்கில் பட்டது.

இனி சேதத்தைப் பற்றி. சணலில் முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு படைப்பின் அடியில் ஓர் இழை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பிடித்து மூன்று முடிச்சுகளை அவிழ்த்தாள். இழுத்துப் பிய்க்கவில்லை, ஒவ்வொரு முடிச்சும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, போட்டவர் போட்ட வழியிலேயே திரும்பிப் போய் அவிழ்த்தாள். நான் பதறிப்போய், பக்கத்தில் நின்ற உங்கள் தன்னார்வலரிடம் நானே சொன்னேன். ‘பரவாயில்லைங்க அக்கா, அதுக்குத்தானே வச்சிருக்கோம்’ என்றார். இரண்டாம் நாள் மாலை விழாவில் கூட்டம் நெருக்கியடித்து, தேங்காய் நார்ப் படைப்பில் சாய்ந்துகொண்டு பலர் படம் எடுத்தார்கள் என்று மூன்றாம் நாள் வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். யாரால் எது சேதமானது என்று நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள் அறிவிப்பு பெரியவர்களை விட்டுவிட்டு, விழாக் கூட்டத்தை விட்டுவிட்டு, ‘கட்டுப்பாடின்றி நடந்துகொண்ட சிறார்கள்’ என்று மட்டும் எழுதுகிறது. பேருந்தில், கோவிலில், பள்ளியில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து எல்லோரும் சொல்கிற அதே சொல்லை, ‘உங்கள் பிள்ளைகளுக்காகவே நடத்துகிறோம்’ என்று அழைத்தவர்களும் சொல்லிவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் நான் வந்தது முதல் நாளை நம்பித்தான். புழுக்கள் கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில், இலை ஓயாமல் கேட்கும் நேரம். பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வேளைக்கு மட்டும் இலை போடச் சொல்லிவிட்டு, வள மையத்தில் பழக்கமான இரண்டு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே சினிமாப் பாட்டு அதிர்ந்தது. உள்ளே கலர் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. மகள் செருப்பு விடும் படியிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். மணமகள் அறைக்கு அழைத்துப் போகலாம் என்றால், அது தேநீர்க் கேன்களும் நாற்காலிகளும் அடுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. எங்களோடு வந்தவர்களில் பென்னாகரம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு தந்தையும் இருந்தார். அவருடைய மகனுக்குப் பத்து வயது. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அந்தப் பையனைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, உங்கள் ஆள் ஒருவர் அவனுக்கு விளக்கம் சொன்னார்: ‘இது பெருசா, பழுப்பு நிறத்துல இருக்குப்பா.’ பழுப்பு நிறத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ஒரே ஒருமுறை அவன் கையைப் பிடித்துத் தொடவைக்க முடியுமா என்று தந்தை கேட்டதற்கு, ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் விடுவதாகத்தான் துண்டறிக்கையில் அச்சடித்திருந்தீர்கள்.

துணியைத் தொட்டால் கெட்டுப்போகும் என்பதை நான் மறுக்கவில்லை. கையின் வியர்வையும் உப்பும் எண்ணெயும் பழைய துணியை அரிக்கும். நூறு ஆண்டுக்கு முந்தைய புடவையைக் கண்ணாடிக்குள் குறைந்த வெளிச்சத்தில் வைப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க முடியாது. ஆனால் உங்கள் மண்டபத்தில் தொங்கியவை தொடுவதற்கென்றே புதிதாகச் செய்தவை. செய்த கலைஞர்களின் சம்மதத்தோடு வைத்தவை என்று உங்கள் துண்டறிக்கையே சொன்னது. தேய்மானம் அதில் எதிர்பாராத விபத்து அல்ல, செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி. நூறு முட்டைத் தொகுதி வாங்கிப் புழு வளர்க்கும் நாங்கள், எல்லாப் புழுவும் கூடு கட்டும் என்று கணக்குப் போடுவதில்லை. நோயில் போவது, பல்லி தின்பது, கட்டாமல் நின்றுபோவது என்று கழித்துக்கொண்டுதான் கடன் வாங்குகிறோம். பாழான புழுவுக்காக, புழு வளர்க்கும் கொட்டகையான புழுமனையை இழுத்துப் பூட்டினால் எங்களுக்குச் சோறு இல்லை.

கையழுக்குதான் பிரச்சினை என்றால் அதற்கும் எங்கள் தொழிலில் வழி உண்டு. புழுமனைக்குள் யார் வந்தாலும் வாசலில் கைகால் கழுவி, கிருமிநாசினி தொட்டுத்தான் வர வேண்டும். சென்ட் போட்டவருக்கும் புகையிலை வைத்திருப்பவருக்கும் உள்ளே இடமில்லை. கூட்டமாக வர முடியாது. புழுவுக்காகச் செய்கிற இந்த ஏற்பாட்டை என் மகள் நான்கு வயதிலேயே கற்றுக்கொண்டாள். உங்கள் முதல் நாள் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுவேதான். வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயும் துண்டும் மட்டும் குறைவு. கயிறு வாங்கிய காசில் அதைச் செய்திருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் நுழைவாயில் பலகையில் ஜூடித் ஸ்காட் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தீர்கள். 1943இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். காது கேளாதவர் என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல், முப்பத்தைந்து ஆண்டுகள் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்தவர். 1987இல் ஓக்லண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு கலைக்கூடத்தில் சேர்ந்து, கையில் கிடைத்த பொருள்களை நூலால் சுற்றிச் சுற்றி உலகம் வியக்கும் சிற்பங்களாக்கியவர். அவருக்குக் கீழேயே சணல் நாரில் முடிச்சுப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்த நம் நாட்டு மிருணாளினி முகர்ஜியின் பெயரும் இருந்தது. அவருடைய தந்தை பினோத் பிஹாரி முகர்ஜி பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கலை செய்தவர் என்பதை நீங்கள் எழுதவில்லை, எழுதியிருக்கலாம். மூன்றாம் நாள் அந்தப் பலகை அதே இடத்தில்தான் இருந்தது. ஜூடித் ஸ்காட் அன்று தருமபுரிக்கு வந்திருந்தால், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துச் சுற்றுகிற அந்த அம்மாளை எந்தப் பக்கம் நிறுத்தியிருப்பீர்கள் என்று பலகையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

தொடவிடுவது இந்த நாட்டில் யாரும் செய்யாத புதுமையும் அன்று. தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இலேயே தன் சேகரிப்பிலிருந்து 22 பொருள்களுக்குத் தொட்டுணரும் மாதிரிகள் செய்து, அதற்கென்று ஒரு தனிக் கூடம் திறந்தது. மூலத்தைத் தொட முடியாத இடத்தில் மாதிரியை வைத்தார்கள். பார்வையற்றவர்களை வாசலில் நிறுத்தவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதன் 29ஆம் பிரிவில், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கவும், கலை அவர்களுக்கு எட்டும்படி இருக்கவும் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அந்தக் கடமை அரசுக்கும் உள்ளாட்சிக்கும்தான். நாங்கள் தனியார் குழு என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்; ஆனால் நன்கொடை கேட்கும் காகிதத்தில் எங்கள் பிள்ளைகளின் படத்தை அச்சிடாமல் சொல்லுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் நடுகல்லைக்கூட வேடியப்பன் என்று பெயரிட்டு, மஞ்சள் பூசி, தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். தொட்டால் தீட்டு, தொட்டால் சேதம் என்ற பேச்சு இங்கே வேறு சில பழைய நினைவுகளையும் கிளறும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அமைதி நேரத்தை நீக்கியதற்கு வருகை குறைவு என்று தொலைபேசியில் ஒரு காரணம் சொன்னீர்கள். ஒரு நேரத்தில் எட்டுப் பேர் என்று நீங்களே வரம்பு வைத்துவிட்டு, வந்தது எட்டுப் பேர்தான் என்று குறைப்படுவது நியாயமில்லை.

கிருஷ்ணகிரியில் திறப்பதற்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. ஆகவே நான் கேட்பது இவை. முதலில், பழியைச் சிறார்கள் மேல் போடும் அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். அது எந்தெந்தக் குழுக்களுக்குப் போனதோ அந்தந்தக் குழுக்களுக்கே திருத்தமும் போக வேண்டும். தருமபுரியில் முதல் நாள் இருந்தபடியே படைப்புகளைத் தொடவிடுங்கள். ஏதேனும் ஒன்று உண்மையிலேயே தாங்காது என்று அதைச் செய்தவர் சொன்னால், அதே இழையில், அதே முடிச்சில், கையளவு மாதிரி ஒன்றைச் செய்து பக்கத்தில் வையுங்கள். பக்கத்தில் அப்படியொரு கையளவு மாதிரி வைக்காமல் ‘தொடக் கூடாது’ என்ற பலகை எங்கும் தொங்கக் கூடாது. யாருக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையில் இரண்டு மணி நேரமும், கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்காக ஒரு நாளாவது மாலையிலும், பாட்டும் ஒலிபெருக்கியும் சுழல்விளக்கும் இல்லாத நேரமாக ஒதுக்குங்கள். விழாக்களை அந்த நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு அறை திறந்தும் காலியாகவும் இருக்க வேண்டும். படைப்புகளின் விவரத்தைப் பிரெயிலிலும், தமிழில் பதிவு செய்த குரலிலும் தாருங்கள். பார்வையில்லாத ஒரு பிள்ளைக்கு எப்படிக் கைப்பிடித்து விளக்குவது என்பதைத் தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே ஒரு சிறப்பாசிரியரைக் கொண்டு சொல்லிக்கொடுங்கள். இத்தகைய ஏற்பாடுகளை இனி மாற்றுவதாக இருந்தால், மாற்றுவதற்கு முன்பு உட்கார்ந்து பேச உங்கள் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரையும் பெற்றோர் ஒருவரையும் சேருங்கள். பென்னாகரத்திலிருந்து வந்து திரும்பிய அந்தப் பையனின் வீட்டுக்கு நீங்களே பேசி, மறுபடி அழையுங்கள்.

இதற்கான பதிலைக் கண்காட்சி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக, வள மையத்தின் அதே குழுவில் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். தொடவிடுவதாகப் பதில் வந்தால், இந்த அறுவடையில் மகள் ஒதுக்கி வைத்த இரட்டைக் கூடுகள் இரண்டு கிலோ எங்களிடம் இருக்கின்றன. வாசல் மேசையில் பிள்ளைகள் எடுத்து ஆட்டிப் பார்ப்பதற்காக அவற்றைக் கூடையோடு கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு பகுதியிலிருந்து ஒரு பட்டு விவசாயி